உள்வேலைதானே என்று இறங்கிவிடாதீர்கள்: ப்ராஜெக்ட் தொடங்கும் முன் எதை, யாரிடம், எப்படிக் கேட்பது

"கொள்முதல் கோரிக்கையெல்லாம் மெயிலில் தொலைந்துபோகிறது. ஒரு ஆன்லைன் ஃபார்ம் போட்டுக் கொடுத்தால் நன்றாக இருக்கும். உங்கள் டீமில் யாராவது பார்க்க முடியுமா?"

நிறுவனத்துக்குள் நடக்கும் ப்ராஜெக்ட் பெரும்பாலும் இப்படி இரண்டு மூன்று வரி மெயிலாகத்தான் வந்து சேரும். இல்லையென்றால் மீட்டிங் முடிந்து எல்லோரும் எழும்போது போகிற போக்கில் சொல்லப்படும். வெளி வாடிக்கையாளர் என்றால் ஒப்பந்தம் போட வேண்டும், வேலை எதுவரை என்று எழுத வேண்டும், எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம் என்று முடிவாக வேண்டும். அதனாலேயே யாராவது உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுவிடுவார்கள். உள்ளே அந்தக் கட்டாயம் இல்லை. நம் ஆட்கள்தானே, போகப் போகப் பேசிக்கொள்ளலாம் என்று தொடங்கிவிடுகிறோம். பாதி வழியில்தான் ஆளுக்கொரு ப்ராஜெக்டை மனதில் வைத்திருந்தது தெரியவருகிறது.

முதல்முறையாக இப்படியொரு வேலை கைக்கு வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வேலை மென்பொருளாக இருக்கலாம், புதிய நடைமுறையாக இருக்கலாம், பழைய கோப்புகளை ஒழுங்குபடுத்துவதாகக்கூட இருக்கலாம். தகவல் சேகரிக்கும் முறை ஏறக்குறைய ஒன்றுதான்.

கேட்டவரிடமிருந்து தொடங்குங்கள்

வந்த மெயிலை ஒரு வார்த்தை மாற்றாமல் தனியாக எடுத்து வையுங்கள். பிறகு அதைக் கவனமாகப் படியுங்கள். மேலே உள்ள மெயிலில் இரண்டு விஷயங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கோரிக்கைகள் தொலைந்துபோவது பிரச்சினை. ஆன்லைன் ஃபார்ம் என்பது கேட்டவர் மனதில் தோன்றிய தீர்வு. இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான் உங்கள் முதல் வேலை. ஏனென்றால் தீர்வு தவறாக இருந்தாலும் பிரச்சினை உண்மையாக இருக்கும்.

கேட்டவரை நேரில் பார்த்து அரை மணி நேரம் பேசுங்கள். "உங்களுக்கு என்னென்ன வேண்டும்?" என்று ஆரம்பித்தால் வசதிகளின் பட்டியல்தான் கிடைக்கும். "கடைசியாக ஒரு கோரிக்கை தொலைந்துபோனது எப்போது? அன்றைக்கு என்ன நடந்தது?" என்று கேட்டால் ஒரு நிகழ்ச்சி கிடைக்கும். யார் அனுப்பினார், யாருக்கு அனுப்பினார், எத்தனை நாள் கழித்துத் தெரிந்தது, அதற்குள் எந்த வேலை நின்றது எல்லாம் அதில் தானாக வந்துவிடும். கடைசியாக நடந்ததை அவரால் சொல்ல முடியவில்லை என்றால் அதுவும் ஒரு தகவல். பிரச்சினை வேறு யாருடையதோ, அவர் அதைக் கேள்விப்பட்டு மட்டும் இருக்கிறார்.

காரணத்தைத் தோண்டுவதற்கு டொயோட்டா தொழிற்சாலைகளில் புகழ்பெற்ற ஒரு முறை உண்டு. "ஏன்?" என்று ஐந்து முறை கேட்பது. அங்கே உற்பத்தி முறையை வடிவமைத்த தைச்சி ஓனோ சொல்லும் உதாரணம் இது: இயந்திரம் நின்றுவிட்டது. ஏன்? சுமை அதிகமாகி ஃபியூஸ் போய்விட்டது. சுமை ஏன் கூடியது? பேரிங்குக்கு எண்ணெய் சரியாகப் போகவில்லை. ஏன்? பம்ப் போதிய எண்ணெயை இறைக்கவில்லை. ஏன்? பம்பின் தண்டு தேய்ந்திருந்தது. அது ஏன்? வடிகட்டி இல்லாததால் உலோகத் துகள் உள்ளே போய்விட்டது. முதல் பதிலோடு நின்றிருந்தால் ஃபியூஸை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்திருப்பார்கள்.

இந்த முறையை மனிதர்களிடம் அப்படியே பயன்படுத்தாதீர்கள். இயந்திரம் கோபித்துக்கொள்ளாது. எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் ஐந்து முறை "ஏன்" என்று கேட்டால் மூன்றாவது கேள்விக்குள் அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தொடங்கிவிடுவார். "அதற்கு முன்னால் என்ன ஆனது?", "அது எப்படி உங்களுக்குத் தெரிந்தது?" என்று கேளுங்கள். அதே ஆழத்துக்குத்தான் போவீர்கள், விசாரணை போலத் தோன்றாது.

யாரிடமெல்லாம் பேச வேண்டும்

எழும் முன் அவரிடமே ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: "இந்த விஷயத்தில் நான் வேறு யாரைப் பார்க்க வேண்டும்?" பார்க்கும் ஒவ்வொருவரிடமும் இதையே கேளுங்கள். சொல்லப்படும் பெயர்கள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருக்கும்போது பட்டியல் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

பட்டியலில் இருக்க வேண்டியவர்கள்: வேலையை அன்றாடம் கையால் செய்பவர், அவருக்கு வேலை எங்கிருந்து வருகிறதோ அந்த இடத்தில் இருப்பவர், அவர் முடித்ததை வாங்கிக்கொள்பவர், நேரமும் பணமும் ஒதுக்கும் அதிகாரம் உள்ளவர், அப்புறம், "இதை அனுமதிக்க முடியாது" என்று சொல்லக்கூடியவர். கணக்குப் பிரிவு, தகவல் பாதுகாப்பு, சட்டப் பிரிவு, தணிக்கை இதெல்லாம் அந்தக் கடைசி வகை. இவர்களைப் பார்க்கப் புதியவர்கள் பயந்து தள்ளிப்போடுவார்கள். என் அனுபவத்தில், முதல் வாரத்தில் போய்க் கேட்டால் இவர்கள்தான் மிகத் தெளிவாகப் பதில் சொல்வார்கள். கடைசி வாரத்தில் போய் நின்றால்தான் கதவு மூடும்.

இன்னொருவரையும் தேடிப் பிடியுங்கள். இதே பிரச்சினையை இதற்கு முன் தீர்க்கப் பார்த்துப் பாதியில் விட்டவர். அநேகமாக ஒருவர் இருப்பார். இப்போது வேறு பிரிவில் இருக்கலாம். அவருடைய அரை மணி நேரம் உங்களுக்கு ஒரு மாத வேலையை மிச்சப்படுத்தும். அவரிடம் பேசும்போது "ஏன் தோற்றது" என்று தொடங்க வேண்டாம். "எதுவரை வந்தது, அங்கே எது தடுத்தது" என்று கேளுங்கள்.

வேலை செய்பவரின் பக்கத்தில் உட்காருங்கள்

நேரம் குறைவு, ஒரே ஒரு காரியம்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். மற்றதையெல்லாம் விட்டாலும் பரவாயில்லை.

சில வருடங்களுக்கு முன் நான் வேலை செய்த ஓர் இடத்தில் கொள்முதல் கோரிக்கைக்கு ஆன்லைன் ஃபார்ம் செய்தோம். மேனேஜரிடம் இரண்டு மீட்டிங், நடைமுறைக் கையேட்டை ஒருமுறை வாசித்தது, அவ்வளவுதான் எங்கள் தகவல் சேகரிப்பு. மூன்று மாதம் உழைத்தோம். ஃபார்ம் நன்றாகவே வேலை செய்தது. ஆனால் கோரிக்கைகளைக் கையாளும் அக்கா தன் பழைய எக்செல் ஷீட்டை விடவே இல்லை. ஃபார்மில் வருவதையெல்லாம் மறுபடி அதில் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். அவருடைய வேலையை நாங்கள் இரட்டிப்பாக்கியிருந்தோம்.

அப்போதுதான் முதல்முறையாக அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஷீட்டில் பாதி வரிசைகள் மஞ்சள், சில பச்சை, இரண்டு மூன்று இளஞ்சிவப்பு. "இந்த மஞ்சள் எதுக்குக்கா?" என்று கேட்டேன். "சப்ளையருக்கு போன் பண்ணிட்டேன், விலை சொல்றேன்னு சொல்லியிருக்காங்க, இன்னும் வரலைன்னு அர்த்தம். யாராவது வந்து கேட்டா மஞ்சளைப் பார்த்து உடனே சொல்லிடுவேன்" என்றார். இளஞ்சிவப்பு என்றால் கோரிக்கை அனுப்பியவர் லீவில் இருக்கிறார், வேறு ஒருவரைக் கேட்க வேண்டும். விசைப்பலகைக்கு அருகே ஒரு நோட்டுப் புத்தகம் திறந்திருந்தது. எந்த சப்ளையரை எந்த நேரத்தில் அழைத்தால் எடுப்பார் என்று அதில் எழுதியிருந்தார்.

கையேட்டில் அந்த வேலைக்கு மூன்று படிகள். அவர் உண்மையில் செய்தது ஏழு. விடுபட்ட நான்கில்தான் நாளின் பெரும்பகுதி போய்க்கொண்டிருந்தது, கோரிக்கைகள் தொலைந்ததும் அங்கேதான். நாங்கள் செய்த ஃபார்மில் "காத்திருப்பு" என்று குறிக்க இடமே இல்லை. அதைச் சேர்க்கச் சில நாள்தான் ஆனது. அந்த அக்கா எங்களிடம் எதையும் மறைக்கவில்லை. வண்ணம் அடிப்பதை அவர் ஒரு "படி"யாக நினைத்ததே இல்லை, அதனால் யாரிடமும் சொன்னதில்லை. தினமும் செய்யும் காரியம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். கேள்வி கேட்டு அதை வெளியே எடுப்பது கஷ்டம், பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் தெரியும்.

உட்காருவதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் அவருடைய மேலாளரிடம் சொல்லி அனுமதி வாங்குங்கள், நீங்கள் பக்கத்தில் உட்காரும் இரண்டு மணி நேரத்துக்கு வேலை செய்பவர் பதில் சொல்ல வேண்டிய நிலை வரக் கூடாது. பிறகு வேலை செய்பவரிடமே தெளிவாகச் சொல்லுங்கள்: உங்கள் வேலையை மதிப்பிட வரவில்லை, வேலை எப்படிப் போகிறது என்று கற்றுக்கொள்ள வந்திருக்கிறேன். இதை மனதார நினைத்துச் சொல்லுங்கள். ஏனென்றால் புதிய ப்ராஜெக்ட் என்றாலே "என் வேலை போய்விடுமோ" என்ற பயம் சிலருக்கு வரும். அந்தப் பயம் நியாயமானது. உங்களால் காப்பாற்ற முடியாத வாக்குறுதி எதையும் அந்த நேரத்தில் கொடுக்காதீர்கள்.

"வழக்கமாக எப்படிச் செய்வீர்கள்?" என்ற கேள்வியைத் தவிருங்கள். அதற்குக் கையேட்டில் உள்ள பதில்தான் வரும். போன வாரம் உண்மையிலேயே வந்த ஒரு கோரிக்கையை எடுத்து, முதலிலிருந்து கடைசிவரை அது எப்படிப் போனது என்று காட்டச் சொல்லுங்கள். முடிந்ததும் சிக்கலாகிப்போன இன்னொன்றைக் காட்டச் சொல்லுங்கள். திரையைத் தாண்டியும் பாருங்கள்: ஒட்டியிருக்கும் சிறு காகிதங்கள், பக்கத்து மேசைக்குப் போய் வாய்மொழியாகக் கேட்டு வருவது, தனக்குத்தானே அனுப்பிக்கொள்ளும் மெயில். இருக்கும் முறையில் எங்கே ஓட்டை என்பதை இவை காட்டிக்கொடுக்கும்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே "இதை ஆட்டோமேட் பண்ணிடலாமே" என்று நாக்கு துறுதுறுக்கும். சொல்லாதீர்கள். சொன்ன நொடியிலிருந்து அவர் தன் வேலையைக் காட்டுவதை நிறுத்திவிட்டு உங்கள் யோசனைக்குப் பதில் சொல்லத் தொடங்கிவிடுவார்.

முடிந்தால் இரண்டு முறை போங்கள். சாதாரண நாளில் ஒருமுறை, மாதக் கடைசி போல நெருக்கடியான நாளில் ஒருமுறை. நெருக்கடியில் எந்தப் படியைத் தாண்டிப் போகிறார்கள் என்று பார்த்தால், எது உண்மையில் அவசியம், எது பெயருக்கு இருக்கிறது என்பது புரியும்.

எண்ணிப் பாருங்கள்

"நிறைய", "அடிக்கடி", "ரொம்ப நேரம் ஆகுது" இந்த மூன்று சொற்களும் எல்லா உரையாடலிலும் வரும். ஒவ்வொன்றையும் எண்ணாக மாற்றுங்கள். கடைசி மூன்று மாதத்துக் கோரிக்கைகளை எடுத்துக் கையாலேயே எண்ணலாம். மாதத்துக்கு எத்தனை வருகிறது, ஒன்றுக்கு எத்தனை நிமிடம் ஆகிறது, எத்தனை தவறாகித் திரும்பி வந்தது. துல்லியம் வேண்டியதில்லை, பத்தா நூறா என்று தெரிந்தால் போதும்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். மாதம் 40 கோரிக்கை, ஒன்றுக்கு 10 நிமிடம் மிச்சமாகும் என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 400 நிமிடம், அதாவது 7 மணி நேரத்துக்கும் குறைவு. இதைச் செய்ய 3 பேர் 2 மாதம் முழுநேரமாக வேலை பார்த்தால், ஆளுக்கு மாதம் 160 மணி நேரம் வீதம் 960 மணி நேரம். போட்ட நேரம் திரும்பி வர 144 மாதம் ஆகும். 12 வருடம்!

இதை வைத்து ப்ராஜெக்ட் வேண்டாம் என்று உடனே முடிவு கட்டிவிட முடியாது. நேரம் மிச்சமாவது சின்ன விஷயமாகவும், தொலைந்துபோன ஒரே ஒரு கோரிக்கையால் வந்த இழப்பு பெரிய விஷயமாகவும் இருக்கலாம். அப்படியென்றால் நேரத்தைக் குறைக்கும் ப்ராஜெக்ட் வேண்டாம், தொலையாமல் பார்த்துக்கொள்ளும் ப்ராஜெக்ட் வேண்டும். வடிவமே மாறிவிடுகிறது பாருங்கள். அதோடு, இன்றைய எண்ணை இன்றே குறித்து வைக்காவிட்டால், முடிந்த பிறகு நிலைமை முன்னேறியதா என்று யாராலும் சொல்ல முடியாது.

டேட்டாவை விவரிக்கச் சொல்லாதீர்கள், மாதிரி கேளுங்கள்

"எங்கள் டேட்டா சுத்தமாக இருக்கிறது" என்று சொல்பவர் பொய் சொல்வதில்லை, அவர் அதைத் திறந்து பார்த்து நாளாகியிருக்கும். நிஜக் கோப்பு ஒன்றை வாங்கி நீங்களே திறந்து பாருங்கள். 03/04 என்று இருந்தால் அது மார்ச் 4-ஆ, ஏப்ரல் 3-ஆ? ஒரே சப்ளையரின் பெயர் எத்தனை விதமாக எழுதப்பட்டிருக்கிறது? காலியாக இருக்கும் கட்டத்துக்கு "தெரியாது" என்று பொருளா, "பூஜ்யம்" என்று பொருளா? ஆட்களின் சம்பளம், தொலைபேசி எண் மாதிரியான தனிப்பட்ட விவரங்கள் இருந்தால் அவற்றை மறைத்த பிரதியைக் கேட்டு வாங்குங்கள்.

அலகுகளையும் எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். 1999-இல் நாசா இழந்த மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலத்தின் கதை இதற்குத்தான் எப்போதும் சொல்லப்படுகிறது. கலத்தின் உந்துபொறிகள் அதை எவ்வளவு தள்ளின என்று காட்டும் விசைத்தாக்கு மதிப்புகளை ஒரு குழுவின் மென்பொருள் பவுண்டு அலகில் கொடுத்தது, அவற்றை வாங்கிய குழு நியூட்டன் அலகு என்று எடுத்துக்கொண்டது. கலம் செவ்வாய்க்கு மிக அருகில் போய் அழிந்தது. ஒரே ப்ராஜெக்டில் சேர்ந்து வேலை செய்தவர்கள்தான் இரு தரப்பும்.

நேரம், ஆள், அதிகாரம்

கேட்கச் சங்கடமாக இருக்கும் கேள்விகள் இவை. அதனாலேயே பலர் விட்டுவிடுகிறார்கள்.

கடைசித் தேதி ஒன்று சொல்லப்பட்டால் அந்தத் தேதிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். தணிக்கை வருகிறதா, ஒரு லைசென்ஸ் முடிகிறதா, அல்லது காலாண்டு முடிவு என்று சும்மா சொன்னதா? முதல் இரண்டும் நகராது, மூன்றாவது நகரும்.

டீமில் போட்டிருக்கும் ஒவ்வொருவருக்கும் வேறு வேலை இருக்கும். "அவரும் உதவி பண்ணுவார்" என்பது தகவல் ஆகாது. "வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எந்த நாட்களில்?" என்று அவருடைய மேலாளரிடமே கேட்டு, பதிலை மெயிலில் வாங்குங்கள். நான் பார்த்தவரை உள் ப்ராஜெக்டுகள் தொழில்நுட்பச் சிக்கலால் நிற்பதைவிட இந்த ஒரு கேள்வி கேட்கப்படாததால்தான் அதிகம் நிற்கின்றன.

எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டால் எல்லோரும் குறைத்தே சொல்வார்கள். இதைத் திட்டமிடல் மயக்கம் எனலாம், 1979-இலேயே உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் எழுதிவிட்டார்கள். 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாகச் சுமார் 34 நாள் என்றார்கள். எடுத்துக்கொண்டது 55 நாளுக்கும் மேல். ஆகவே "இது எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்பதோடு நிற்காமல், "இதே மாதிரி போன ப்ராஜெக்ட் எத்தனை நாள் எடுத்தது?" என்றும் கேளுங்கள். இரண்டு பதிலும் மோதினால் இரண்டாவதை நம்புங்கள்.

இரண்டு பிரிவுகள் ஒத்துப்போகாவிட்டால் முடிவு சொல்பவர் யார் என்று ஒரே ஒரு பெயரைக் கேட்டு வாங்குங்கள். "எல்லோரும் சேர்ந்து முடிவு பண்ணலாம்" என்றால் யாரும் முடிவெடுக்க மாட்டார்கள். வேலை முடிந்த பிறகு இதைப் பராமரிக்கப்போவது யார் என்பதற்கும் ஒரு பெயர் வேண்டும்.

ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

சேகரித்ததையெல்லாம் ஒரே பக்கத்துக்குள் கொண்டுவாருங்கள். பிரச்சினை என்ன (கேட்டவரின் சொற்களிலேயே), வேலை இப்போது எப்படி நடக்கிறது, இன்றைய எண்கள், யார் யாருக்குப் பாதிப்பு, எது நடந்தால் முடிந்தது என்று சொல்லலாம், முடிவெடுப்பவர் யார், இன்னும் பதில் கிடைக்காத கேள்விகள். இதோடு "இந்த ப்ராஜெக்டில் சேராதவை" என்று ஒரு பத்தி. மொத்தப் பக்கத்திலும் அதிகம் சண்டை வருவது இந்தப் பத்தியில்தான், வரட்டும். "சப்ளையருக்குப் பணம் போவது இதில் சேராது" என்று எழுதியதும் கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் ஓடிவந்து "அது சேரும் என்றுதானே நான் ஒப்புக்கொண்டேன்" என்பார். அந்த உரையாடல் இப்போது நடந்தால் இருபது நிமிடத்தில் முடியும்.

பக்கத்தை அனுப்பும்போது "ஓகேவா?" என்று கேட்காதீர்கள், ஓகே என்றுதான் பதில் வரும். "இதில் எது தவறு, எது விடுபட்டிருக்கிறது?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், படிக்கவில்லை என்றே பொருள். நேரில் போய்ப் பத்து நிமிடம் சேர்ந்து வாசியுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து வேலையைக் காட்டியவருக்கும் ஒரு பிரதி கண்டிப்பாகப் போக வேண்டும். தன் வேலை சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று சொல்லும் தகுதி அவருக்குத்தான் உண்டு.

அப்புறம் டீமை ஒருமுறை கூட்டி, உளவியலாளர் கேரி க்ளைன் 2007-இல் எழுதிய பயிற்சியைச் செய்து பாருங்கள். "ஆறு மாதம் கழிந்துவிட்டது, ப்ராஜெக்ட் படுதோல்வி. ஏன் என்று ஆளுக்கு ஐந்து நிமிடம் எழுதுங்கள்" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். தோற்றுவிட்டதாக வைத்துக்கொண்டு பேசும்போது சந்தேகத்தைச் சொல்ல யாருக்கும் தயக்கம் இருக்காது. மீட்டிங்கில் வாயே திறக்காதவர் எழுதும் ஒரு வரியைத்தான் நான் முதலில் படிப்பேன்.

சரி, எப்போது நிறுத்துவது? கடைசியாகப் பேசிய இரண்டு பேரும் நீங்கள் முன்பே கேட்டதைத்தான் சொன்னார்கள் என்றால் நிறுத்தலாம். சின்ன ப்ராஜெக்டுக்கு ஒன்றிரண்டு வாரம் போதும். இந்த ப்ராஜெக்டே தேவையில்லை, இருக்கும் ஷீட்டில் ஒரு நெடுவரிசை சேர்த்தால் போதும் என்று தெரியவந்தால் அதைத் தயங்காமல் சொல்லிவிடுங்கள், எண்களோடு சொன்னால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

தொடங்கலாம் என்றால், பதில் கிடைக்காத கேள்விகளை மறுபடி எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயரும் ஒரு தேதியும் எழுதுங்கள். முதல் இரண்டு வார வேலையை மாற்றக்கூடிய கேள்வி ஏதாவது அதில் மிஞ்சியிருந்தால் அதற்குப் பதில் வரும்வரை காத்திருங்கள். மற்றவை திறந்தே இருக்கட்டும், வேலையைத் தொடங்கிவிடலாம்.